ஏட்டு கொண்டுபோன நோட்டீஸ்

செங்கரடு காவல் நிலையத்தில் ஏட்டு லட்சுமிநாராயணன் அளவுக்கு அந்தப் பக்கத்தை அறிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆறு வருடமாக அதே நிலையம். தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் எந்தத் தோட்டத்துக்கு எந்தத் தடத்தில் போக வேண்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கிணற்று மேட்டில் யானை வந்து நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அதனால்தான் சப்-இன்ஸ்பெக்டர் மோகனப்பிரியா அந்த நோட்டீஸ் கட்டை அவருடைய மேசையில் கொண்டுவந்து வைத்தார். அவர் இந்த நிலையத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏட்டய்யா, பூளப்பதியில ஊடு ஊடாப் போய்க் கையில குடுத்துட்டு வாங்க. கடையில வெச்சுட்டு வந்தரக் கூடாதுங்க. ஒருத்தரையும் விடாமக் கூப்பிடோணும்."

பச்சைத் தாளில் கறுப்பு எழுத்து. காவல்துறை, பொதுமக்கள் கலந்தாய்வுக் கூட்டம். பூளப்பதி சமுதாயக் கூடம். ஞாயிறு காலை பதினோரு மணி.

"சரிங்க மேடம்" என்றார் லட்சுமிநாராயணன். சொல்லிவிட்டு நோட்டீஸை எண்ணுவதுபோலப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பூளப்பதியில் மூன்று வாரத்துக்கு முன்னால் நாச்சியம்மாள் என்கிற எழுபது வயது மூதாட்டியை, அவர் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தபோது, பட்டப்பகலில் இரண்டு பேர் தலையில் அடித்துவிட்டுச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எட்டுத் தையல். உயிர் பிழைத்ததே பெரிது. அதற்கு முன்பும் அந்த ஊரில் இரண்டு தனி வீடுகளில் இதேபோல நடந்திருந்தது. இப்போது ஊரில் பகலிலேயே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பெண்கள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கக்கூட இரண்டு பேராகத்தான் போகிறார்கள். ஆனால் போலீஸ் போய்க் கேட்டால், எல்லோரும் ஒரே பதில். "நாங்க ஒண்ணும் பாக்கலீங்க."

மோகனப்பிரியா அறுபது வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று ஜீப்பில் சொன்னார். "பயப்படறாங்க, சரி. திருடனுக்குப் பயப்படறாங்கன்னு நெனைச்சேன். என்னையப் பாத்தும்ல பயப்படறாங்க? எதுக்குங்க ஏட்டய்யா?"

லட்சுமிநாராயணன் சாலையைப் பார்த்தபடி, "தெரியலீங்க மேடம்" என்றார்.

அவருக்குத் தெரியும்.

போன வருடம் ஆடி மாதத்தில் பூளப்பதியில் நாலு தோட்டங்களில் மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருக்கும் தாமிரக் கம்பிக்காக. பழைய ஊராட்சித் தலைவர் ஆறுச்சாமி தோட்டத்திலும் போயிற்று. அவர் அப்போதிருந்த இன்ஸ்பெக்டரிடம், "இந்த மாசாணம் பொழுதுக்கும் வாய்க்கா மேட்டுலயே திரியறானுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். மாசாணம் தேங்காய் போடும் ஆள். வாய்க்கால் மேட்டில் திரியாமல் எங்கே திரிவான்? ஆனாலும் ஜீப் போயிற்று. மாசாணத்தை இரண்டு நாள் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் ஏறவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர், "கேளுய்யா" என்று லட்சுமிநாராயணனிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். லட்சுமிநாராயணன் கேட்டார். "தெரியாதுங்க" என்றான் மாசாணம். திரும்பக் கேட்டார். திரும்பவும் "தெரியாதுங்க." எத்தனையாவது தடவையோ, கை ஓங்கிவிட்டது. ஒரே அறைதான். மாசாணம் நாற்காலியோடு சாய்ந்தான். இடது காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் வந்து சட்டைக் காலரில் இறங்கியது. அவன் கத்தவில்லை. காதைப் பொத்திக்கொண்டு லட்சுமிநாராயணனை ஆச்சரியமாகப் பார்த்தான்.

ஒரு மாதம் கழித்து வேறொரு நிலையத்தில் பிடிபட்ட நாலு பேர், பூளப்பதிக் கேபிளும் நாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதை மாசாணத்திடம் போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் மாறுதலில் போய்விட்டார். லட்சுமிநாராயணன் மட்டும் அங்கேயே இருந்தார். மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். அப்போதெல்லாம் ஒரு விஷயம் குறுக்கே வந்து நிற்கும். இன்ஸ்பெக்டர் "கேளு" என்றுதான் சொன்னார்.

அடுத்த மாதம் எஸ்.எஸ்.ஐ. எனப்படும் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுப் பட்டியல் வர இருந்தது. அவர் பெயர் அதில் ஒன்பதாவது.

நோட்டீஸ் கொடுக்கப் போன அன்று மாசாணத்தின் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஊருக்குத் தெற்கே ஓட்டு வீடுகள் வரிசையாக இருக்கும் இடத்தில் ஐந்தாவது வீடு. மாசாணத்தின் மனைவி பாவாத்தாள் வாசலில் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். காக்கியைக் கண்டதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்தவள் வாசற்படியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்லைங்க அம்மிணி. ஞாயித்துக்கெழமை கூட்டம். அதுக்கு நோட்டீஸ்."

அவள் வாங்கவில்லை. உள்ளேயிருந்து மாசாணம் வந்தான். அவரைப் பார்த்ததும் அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் லட்சுமிநாராயணனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"மாசாணம், மேடம் கூட்டம் போடறாங்க. ஊர்க்காரங்க அவங்கவங்க குறைகளைச் சொல்லலாம். வரச் சொன்னாங்க."

மாசாணம் தலையைத் திருப்பி வலது காதை அவர் பக்கம் கொண்டுவந்தான். "மறுக்காச் சொல்லுங்க ஏட்டய்யா."

லட்சுமிநாராயணன் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பக்கத்து வீட்டில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னத்தை வேணும்னாலும் சொல்லலாமுங்களா?"

"சொல்லலாம்."

"அப்ப வாரனுங்க" என்று நோட்டீஸை வாங்கிக்கொண்டான்.

மிரட்டலா, மரியாதையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கும் அடுத்த நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி ராமாமணி, பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டாள். போட்டேன் என்றார். கண்ணை மூடினால் சமுதாயக் கூடம் தெரிந்தது. மாசாணம் எழுந்து நிற்கிறான். ஊரே திரும்பிப் பார்க்கிறது. யாரோ செல்போனில் படம் எடுக்கிறார்கள். அது வாட்ஸ்அப்பில் போகிறது. கல்லூரியில் படிக்கும் மகள் ஷ்ரவ்யாவின் தோழிகள் பார்க்கிறார்கள். இதற்குமேல் யோசிக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

சனிக்கிழமை காலை, வீட்டு மொட்டை மாடிக்குப் போய் ஆறுச்சாமிக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க தலைவரே, நாளைக்குக் கூட்டத்துல பழசையெல்லாம் கிளறினா எல்லாருக்கும் சங்கடமுங்க. உங்களுக்குந்தான்."

ஆறுச்சாமிக்கு உடனே விளங்கிவிட்டது. "மாசாணத்தைச் சொல்றீங்களா? பொள்ளாச்சிக்கு ஒரு தேங்காய் லோடு போகுதுங்க. அவனை ஏத்தி எறக்க அனுப்பிச்சுப் போடறேன். திங்கக்கெழமைதான் வருவான். நீங்க நிம்மதியா இருங்க."

போனை வைத்தபோது நிம்மதி வந்தது. அது கீழே இறங்கி வரும்வரைக்கும்கூட நிற்கவில்லை. என்ன காரியம் செய்தோம் என்று படியிலேயே நின்றார். திரும்பக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தார். எடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் எழுபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். மேடையில் அதிகாரிகளுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளை மோகனப்பிரியா கீழே இறக்கச் சொன்னார். ஊர்க்காரர்களோடு வட்டமாகப் போட்டு அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தார். ஆனாலும் அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒயர் இல்லாத மைக் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கை தூக்குகிறவர்களிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது லட்சுமிநாராயணனின் வேலை. அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மாசாணம் இல்லை.

முதலில் ஆறுச்சாமி எழுந்தார். "போலீஸ் மேல எங்க ஊருக்கு முழு நம்பிக்கைங்க. நாலு முக்குலயும் கேமரா வெச்சுக் குடுத்தீங்கன்னாப் போதும்." சிலர் கை தட்டினார்கள்.

மோகனப்பிரியா சிரித்தார். "முழு நம்பிக்கைன்னு சொல்றீங்க. மூணு வாரமா எனக்கு ஒரு போன்கூட வரலீங்களே? நான் இன்னைக்குப் பேச வரலைங்க. கேக்கத்தான் வந்திருக்கேன். திட்டறதா இருந்தாலும் திட்டுங்க."

யாரும் வாயைத் திறக்கவில்லை. நாச்சியம்மாளின் மகன் கதிர்வேல் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து நிமிடம் போயிற்று. இப்படியே முடிந்துவிட்டால் நல்லது என்று லட்சுமிநாராயணன் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தபோது, தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. கண்ணாடி வளையல் இரண்டு முழங்கை வரைக்கும் இறங்கியது.

பாவாத்தாள்.

அவளிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது அவர்தான். இருபதடி நடந்துபோய் நீட்டினார்.

"எம்பேரு பாவாத்தாளுங்க. எங்கூட்டுக்காரரு மாசாணம். அவருதான் வர்றதா இருந்துச்சு. நேத்துப் பொழுதோட திடீர்னு தலைவரு பொள்ளாச்சி லோடுக்கு அனுப்பிச்சுப் போட்டாங்க. அதனால நான் வந்தனுங்க."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆரையாச்சும் பாத்தாச் சொல்லுங்கன்னு ஊடு ஊடா வந்து கேட்டீங்க. நாஞ் சொல்றன்னு வெச்சுக்குங்க. இன்னாராட்டம் இருந்துச்சுன்னு சொல்லிப் போடறன். நீங்க போயி அந்தாளைப் புடிச்சுட்டு வருவீங்க. அவன் பண்ணலீன்னா? அவன் காதும் போயிரும். அந்தப் பாவத்தை ஆருங்க சொமக்கறது? நானுங்களா, நீங்களா?"

மோகனப்பிரியா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அவன் காதும்னு சொன்னீங்க. வேற ஆரு காது போச்சுங்க?"

பாவாத்தாள் சொன்னாள். ஆடி மாதம், கேபிள், ஜீப், இரண்டு நாள், பெரியாஸ்பத்திரியில் காது ஜவ்வு கிழிந்துபோயிற்று என்று டாக்டர் சொன்னது. தென்னை உச்சியில் இருக்கும்போது கீழேயிருந்து யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிவதில்லை என்பது. கேபிள் திருடர்கள் பிடிபட்ட சேதியையே பேப்பரில் சுற்றி வந்த வடையைப் பிரித்தபோதுதான் பார்த்தார்களாம். அழாமல் சொன்னாள். கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அடிச்சது ஆருங்க?"

பாவாத்தாள் பக்கத்தில் நின்ற லட்சுமிநாராயணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அதைச் சொல்ல நான் வரலீங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

மோகனப்பிரியாவின் நெற்றி சுருங்கியது. "நான் வந்ததும் பழைய பதிவேடெல்லாம் பாத்தேனே. கேபிள் கேஸ்ல மாசாணம்னு ஒரு பேரே இல்லீங்களே..."

"பதிவு பண்ணலீங்க மேடம்."

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று லட்சுமிநாராயணனுக்குத் தெரிந்தது. அதிகாரி கேட்டால் பதில் சொல்லி இருபத்திநாலு வருடப் பழக்கம். எழுபது முகங்களும் அவர் பக்கம் திரும்பின.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கதவு எட்டடியில் இருந்தது. "நாந்தானுங்க மேடம் அடிச்சேன்."

எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது. ஆறுச்சாமி போனை எடுத்துப் பார்ப்பதுபோலக் குனிந்தார். மோகனப்பிரியா தாழ்ந்த குரலில், "மைக்கை அவங்ககிட்டயே விட்டுட்டு நீங்க வண்டிகிட்டப் போய் இருங்க" என்றார்.

ஜீப்புக்குப் பக்கத்தில் வேப்பமரம் இருந்தும் வெயிலிலேயே நின்றார். சன்னல் வழியாகக் குரல்கள் கேட்டன. முதலில் ஒன்று. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக. புகார் கொடுக்கப் போன இடத்தில் தன்னையே திருடனைப்போலக் கேள்வி கேட்டதாக ஒருவர். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் தன் மகளை நிலையத்துக்கு வரச் சொன்னதாக ஒரு பெண். தகவல் சொன்னவன் பெயர் அடுத்த நாளே டீக்கடைக்கு வந்துவிட்டது என்று இன்னொருவர். கதிர்வேலின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழுந்தது. "எங்கம்மா தலையில எட்டுத் தையலுங்க. இந்த ஏட்டு பண்ணுன வேலைக்கு, பாத்தவங்க வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. எங்கம்மாளுக்கு ஆருங்க பதில் சொல்றது?"

இரண்டு மணி நேரம் அப்படிப் போயிற்று. கடைசியில் மோகனப்பிரியா எழுதியதைப் படித்துக் காட்டுவது கேட்டது. விசாரணைக்கு யாரை அழைத்தாலும் வந்த நேரத்தில் பெயர் பதிவாகும். அழைக்கப்பட்டவரோடு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து, கண்ணில் படுகிற இடத்தில் உட்காரலாம். பெண்களிடம் வாக்குமூலம் வீட்டிலேயே வாங்கப்படும். மாதம் ஒரு தடவை இதே கூடத்தில் கூடுவது. "இதுல ஒண்ணு தப்பினாலும் அடுத்த கூட்டத்துல என்னைய நிக்க வெச்சுக் கேளுங்க" என்றார். யாரும் கை தட்டவில்லை. பாவாத்தாள் தான் பார்த்தது என்ன என்று அன்றைக்குச் சொல்லவும் இல்லை. மோகனப்பிரியா கேட்கவும் இல்லை.

திரும்பும்போது ஜீப்பில் மோகனப்பிரியா சொன்னார். "நான் மேல எழுதித்தான் ஆகோணுங்க ஏட்டய்யா."

"எழுதுங்க மேடம்."

"நீங்களும் உங்க கைப்பட எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு நாலாவது தடவை எழுதினார். அறைந்தது, ரத்தம், பதிவு செய்யாதது எல்லாம் அதில் இருந்தது. பொள்ளாச்சி லோடு இல்லை.

டி.எஸ்.பி. அலுவலகத்திலிருந்து விசாரணைக்குத் தேதி வரும் என்றார்கள். அதுவரை நிலையத்திலேயே எழுத்து வேலை. ராமாமணியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அந்தப் பையனுக்கு எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டாள். முப்பத்தாறு என்றார்.

கூட்டம் முடிந்த ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, மாசாணமும் பாவாத்தாளும் நிலையத்துப் படியேறி வந்தார்கள். துணைக்குக் கதிர்வேல் வந்திருந்தான். மோகனப்பிரியா மூவரையும் உட்கார வைத்துவிட்டு, "எழுத்து வேலை இப்ப ஏட்டய்யாகிட்டத்தான் இருக்குது. உங்களுக்குச் சங்கடம்னா நானே எழுதிக்கறேங்க" என்றார்.

மாசாணம் யோசித்தான். "அவரே எழுதட்டுங்க. என்ன எழுதறாருன்னு நான் பாத்துக்கறன்."

பாவாத்தாள் பார்த்தது இதுதான். நாச்சியம்மாள் அடிபட்ட அன்று மத்தியானம், வாய்க்கால் ஓரத்தில் அவள் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாம்பல் நிற பைக்கில் இரண்டு பேர் அந்தத் தோட்டத்துப் பக்கமிருந்து வேகமாக வந்தார்கள். இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். பைக்கின் பெட்ரோல் டாங்க்கில் ஒட்டியிருந்த மயில் படத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். போன வருடம் ஆறுச்சாமி தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட வந்த சுரேந்தரின் வண்டி அது. "ஆளு அவன்தானான்னு தெரியாதுங்க. வண்டி அதுதானுங்க" என்று மூன்று தடவை சொன்னாள். லட்சுமிநாராயணன் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதினார்.

அவள் கதிர்வேலோடு கைரேகை வைக்க உள்ளே போனபோது, மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவரும் மாசாணமும் மட்டும் இருந்தார்கள். லட்சுமிநாராயணன் பேனாவை மூடினார், திறந்தார்.

"மாசாணம். நான் பண்ணுனது தப்பு. அன்னைக்கே உங்க ஊட்டுக்கு வந்திருக்கோணும்." ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவனை 'உங்க' என்றார். "இன்னொண்ணும் இருக்குது. அந்தப் பொள்ளாச்சி லோடு..."

"தெரியுமுங்க" என்றான் மாசாணம். "கூட்டத்துக்கு மொதல் நாளு, வராத லோடு திடீர்னு வந்தா எங்களுக்குத் தெரியாதுங்களா? அதனாலதான் அவளைப் போகச் சொன்னன்."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த காணாமல் போனவர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். லட்சுமிநாராயணன் அன்றே இன்னொரு தாளில் பொள்ளாச்சி விஷயத்தையும் எழுதி மோகனப்பிரியாவிடம் கொடுத்தார்.

மறுநாள் சுரேந்தரை அழைத்து வந்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். உள்ளே நுழைந்ததும் பதிவேட்டில் பெயரும் நேரமும் ஏறின. அவன் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பூளப்பதியிலிருந்து பாவாத்தாளும் கதிர்வேலும் வந்திருந்தார்கள். பாவாத்தாளை யாரும் வரச் சொல்லவில்லை. தானாகவே வந்தாள். நான் சொன்னதை வைத்துத்தானே அழைத்தீர்கள், என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். சுரேந்தர் கண்ணில் படாமல், பின்பக்கத்து அறையில் சன்னலோரமாக அவளை உட்கார வைத்தார்கள்.

மோகனப்பிரியா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். சுரேந்தர், அன்றைக்குத் தான் சத்தியமங்கலத்தில் ஒரு வாழைத் தோட்டத்தில் குழாய் பதித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். வண்டி? வண்டி வீட்டில் நின்றது என்றான். பிறகு, தெரியவில்லை என்றான். பிறகு அழுதான். ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. ஒவ்வொரு "தெரியாதுங்க"வுக்கும் லட்சுமிநாராயணனின் முதுகில் வியர்வை இறங்கியது. தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதிர்வேல் விறுவிறுவென்று அவர் மேசைக்கு வந்தான். "ஏனுங்க, என்னத்துக்கு இப்படித் தாலாட்டிக்கிட்டு இருக்கறீங்க? பொய் சொல்றான்னு மூஞ்சியிலயே தெரியுது. ரெண்டு போடு போட்டா அஞ்சு நிமிசத்துல கக்கீருவான். எங்கம்மா தலையில எட்டுத் தையலுங்க!"

லட்சுமிநாராயணன் பதில் சொல்வதற்குள் பாவாத்தாள் பின்னறையின் வாசற்படிக்கு வந்திருந்தாள். "எங்கூட்டுக்காரரு மூஞ்சியிலயும் அப்படித்தான் தெரிஞ்சுதுங்களாம் தம்பி."

கதிர்வேல் அவளை முறைத்தான். கண் கலங்கியிருந்தது. அவன் சுரேந்தர் இருக்கும் அறையைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தான். லட்சுமிநாராயணன் எழுந்து குறுக்கே நின்றார். "வேண்டாமுங்க. நான் அடிச்சவன் சொல்றேன். வேண்டாம். சித்தெ உக்காருங்க. சத்தியமங்கலத்துக்குப் போன் போட்டிருக்குது. பதில் வரட்டும்."

பதில் மூன்றேகாலுக்கு வந்தது. வாழைத் தோட்டத்துக்காரர் தன் கேமராப் பதிவையே அனுப்பியிருந்தார். நாச்சியம்மாள் அடிபட்ட அன்று மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் சுரேந்தர் அங்கே மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அதைக் காட்டியதும், அதுவரை தன்னை நம்ப மாட்டார்கள் என்று பயந்து வண்டி விஷயத்தைச் சொல்லாமலிருந்த பையன் மூச்சை இழுத்துவிட்டான். அவனோடு முன்பு வேலை செய்த இரண்டு பேர் அன்றைக்கு அவன் வண்டியை இரவல் வாங்கிப் போனார்களாம். சொன்னால் கூட்டாளி என்று என்னையும் சேர்த்துவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்றான். இரண்டு பெயர்களையும் சொன்னான்.

அவர்களை எட்டு நாள் கழித்துப் பொள்ளாச்சியில் பிடித்தார்கள். நாச்சியம்மாளின் சங்கிலி இரண்டு துண்டாகக் கிடைத்தது. லட்சுமிநாராயணனின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. விசாரணையில் மாசாணம் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். லட்சுமிநாராயணனுக்கு மூன்று வருட ஊதிய உயர்வு வெட்டு, மாவட்டத்தின் மறுகோடிக்கு மாறுதல். அதெல்லாம் பின்னால் வந்தது.

சுரேந்தரை விட்ட அன்று சாயங்காலம், அவன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். "நான் போலாமுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். போகலாம் என்று லட்சுமிநாராயணன் இரண்டு தடவையும் சொன்னார். வெளியே கதிர்வேலின் வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவன் அதன்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவாத்தாள் அவனிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. லட்சுமிநாராயணன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். சுரேந்தரும் அவனுடைய இரண்டு ஆட்களும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நாலடி பின்னால் இவரும் நடந்தார். பேருந்து வர இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் அவர் ஒரு கண்ணைக் கதிர்வேலின் வண்டிமேலேயே வைத்திருந்தார். சுரேந்தர் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, பேருந்து வளைவில் திரும்பும்வரை அங்கேயே நின்றார்.